பழைய கார்களும் நமது முதுசொமும்

சென்ற மாதம் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஓரம் உக்கிப்போன ஒரு பதிவுப் புத்தகம். அவருடைய தந்தையார் புகையிலை விற்ற பணத்தில் வாங்கிய ஒஸ்ரின் ஏ-40 காரின் புத்தகம் அது. தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றும் கார் அவர் பெயரிலேயே கிடக்கின்றது. தெற்கிலிருந்து வந்த ஒருவர் நல்ல விலை பேசியிருக்கின்றார். உடைமையை மாற்றிக் கொடுக்க வழி யாது என்பதே கேள்வி.

காணி விற்பதற்குப்போலக் கார் விற்பதற்கு நொத்தாரிசின் உறுதி வேண்டியதில்லை. இறந்தவரின் உரித்தாளர் யாரென்பதைக் காட்டிப் பதிவை மாற்றிக்கொண்டாற் போதும். அதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு, "வாங்குகிறவர் காரை என்ன செய்யப்போகிறார்?" என்று கேட்டேன்.

"மண்ணெண்ணெய்க்காகப் போட்ட குழாய்களையும் ஊர்ப் பட்டறையில் செய்த பாகங்களையும் கழற்றி எறிந்துவிட்டு, கம்பனியிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல ஆக்கப்போகிறாராம், ஐயா. அந்த ஒட்டுவேலைகள் காருக்கு அவமானமாம்" என்றார்.

அந்தச் சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. அந்த ஒட்டுவேலைகள் அவமானந்தானா? அன்றி, அந்தக் காரிலே முழுவதும் நமக்குரியதென்று சொல்லத்தக்க பகுதி அவை மட்டுந்தானா?

வந்தவர் வெறும் விற்பனைக்காரர் அல்லர். அவருடைய கிடுகுக் கொட்டிலில் நான்கு கார்கள் நிற்கின்றன. ஒன்று தந்தையாருடையது. ஏனைய மூன்றும், அதாவது ஒரு மொறிஸ் மைனர், ஒரு மொறிஸ் ஒக்ஸ்போட், ஓர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், புலம்பெயர்ந்து போன அயலவர்கள் விட்டுச் சென்றவை. பழைய இரும்புக்குப் போகாதபடி அவர் வாங்கி வைத்தவை. தோட்ட வேலை முடிந்த மாலை வேளைகளில் அவற்றைத் துடைப்பதும் ஓட்டிப் பார்ப்பதுமே அவரது பொழுதுபோக்கு. அத்தகைய மனிதரே விற்கும் நிலைக்கு வந்துள்ளார் என்றால், ஏனையோர் கொட்டில்களில் எஞ்சியிருப்பவற்றின் கதி யாதென்று சொல்லவும் வேண்டுமோ?

இவை வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபொழுது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே அங்கு உருக்கு முன்னுரிமையோடு வழங்கப்பட்டது. ஆகவே பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஒஸ்ரின் கம்பனியும், ஒக்ஸ்போட்டை அடுத்த கௌலியில் மொறிஸ் கம்பனியும் செய்த கார்கள் உலகெங்கும் கப்பலேறின. 1947 இல் ஏ-40 டெவன் வெளிவந்தது. 1952 இல் சமர்செற்றும், 1954 இல் கேம்பிரிட்ஜும் அதனைத் தொடர்ந்தன. 1948 இல் வந்த மொறிஸ் மைனர், பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் என்னும் பெயரைப் பெற்றது. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வரிசையோ இந்தியாவில் அம்பாசடர் என்னும் பெயர் பூண்டு 2014 வரை உற்பத்தியாயிற்று.

யாழ்ப்பாணத்தில் இவற்றை வைத்தியர் வாங்கினார், அப்புக்காத்து வாங்கினார், அரசாங்க உத்தியோகத்தர் வாங்கினார், புகையிலைக் கமக்காரரும் வாங்கினார். ஊருக்கு ஊர் வாடகைக் கார்களாகவும் இவையே ஓடின. "ஏ-போட்டி" என்று சொன்னால் விளக்கம் வேண்டாதிருந்த காலம் அது. பிள்ளை பிறக்க வைத்தியசாலைக்குப் போனதும் அதிலேதான். மணமக்கள் கோயிலுக்குப் போனதும் அதிலேதான்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, அது 1977 வரை நீடித்தது. 1970 இன் பின்னர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை வந்து நமது கமக்காரர் கையிற் பணம் புழங்கியபொழுதும் புதுக்கார் வாங்க வழியிருக்கவில்லை. ஆகவே இருந்த கார்களே கைமாறின. இருந்த கார்களே திருத்தப்பட்டன. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் யப்பானிய வாகனங்களைக் கொண்டுவந்தது. தென்னிலங்கை தன் பழைய கார்களைப் படிப்படியாகக் கைவிட்டது. வடக்கிலோ போர் வந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை இப்பத்திரிகையின் வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப் பாகம் இல்லை, மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடும் அருமையாகவும் கிடைத்தது. உலகத்தில் வேறெங்கும் கராச்சின் மூலையில் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய கார்கள் நமது தெருக்களில் ஒரு சமுதாயத்தின் பாரத்தைச் சுமக்கத் தொடங்கின.

இது தற்செயலன்று, காரணம் உண்டு. புதிய இயந்திரங்கள் எரிபொருளையும் காற்றையும் மிகுதியாக அமுக்கி எரிப்பவை. அவற்றில் மண்ணெண்ணெயை ஊற்றினால் இயந்திரம் இடித்துக்கொண்டு நிற்கும். 1950களின் ஒஸ்ரினும் மொறிஸும் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே அமுக்குபவை. ஆதலின் அவை மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. எனினும் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே முதலில் சிறிதளவு பெற்றோலைக் கார்பரேற்றருக்குக் கொடுத்து இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றறி இல்லாதபொழுது முன்புறத்திற் கம்பியைச் செருகிக் கையாற் சுற்றி இயக்கினார்கள். எரியாத மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. அதனை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. கரி படிந்த பிளக்குகளைக் கழற்றித் துடைப்பது சாரதியின் நாளாந்தக் கடமையாயிற்று. தேய்ந்த பாகத்துக்குப் பதிற் பாகம் ஊர்ப் பட்டறையின் கடைச்சல் இயந்திரத்தில் பிறந்தது.

இவற்றையெல்லாம் செய்தவர் யார்? பெரும்பாலோர் பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்லர். எண்ணெய் படிந்த சாரத்தோடு காருக்கடியிற் படுத்திருந்த நமது கராச்சுத் தொழிலாளர். அவர்கள் எழுதிவைத்த நூல் ஒன்றுமில்லை. அவர்கள் விட்டுச் சென்ற ஏடு, அந்தக் கார்களிற் காணப்படும் ஒட்டுவேலையே.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவில் வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததே, அந்த நடைக்கு நடுவில் முதியோரையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தவற்றுள் இந்தக் கார்களும் இருந்தன. அதற்கு முன் 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுட் பல தம் கார்களைக் கொட்டிலில் நிறுத்தியபடியே போயின. ஆண்டுகள் பல கழித்துக் காணி மீண்டபொழுது காரும் இல்லை, கொட்டிலும் இல்லை, பலருக்கு வீடே இருந்த இடம் தெரியவில்லை.

2022 இல் இந்நாடு முழுவதும் பெற்றோலுக்காக வரிசையில் நாட்கணக்காக நின்றது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டிருந்தது. அப்பொழுதுதான், இல்லாமையை வைத்துக்கொண்டு வாழ்வது எத்தகைய கலை என்பதைத் தெற்கிலுள்ளோரும் சிறிது உணர்ந்தனர். நாம் அக்கலையைக் கற்றது அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னர்.

இலக்கத் தகடு சொல்லும் அரசியல்

காரின் முன்னுள்ள இலக்கத் தகட்டையும் பாருங்கள். ஈ. எல்., ஈ. வை., ஈ. என். என்று தொடங்கும் தகடுகள் சில கார்களில் உண்டு. "சிலோன்" என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து இவ்விரண்டாக எடுத்து அமைத்த இலக்கங்கள் அவை. அவ்வெழுத்துகளில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. எவருடைய மொழியும் எவருடைய மொழிக்கும் மேலே ஏறி நிற்கவில்லை.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 சனவரி முதல் புதிய வாகனங்களின் தகட்டிலே சிங்கள "ஸ்ரீ" எழுத்து வந்தது. தமிழன் தன் பணத்தில் வாங்கிய காரிலும் தன் மொழியல்லாத எழுத்தைச் சுமக்க வேண்டுமென்பது அதன் பொருள். தமிழரசுக் கட்சி எதிர்த்தது. சிங்கள எழுத்துத் தாரால் அழிக்கப்பட்டுத் தமிழ் எழுத்துத் தீட்டப்பட்டது. 1957 ஆடி 26 இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1958 சனவரியில் பஸ் சேவை தேசியமயமாகியது; சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. போராட்டம் மீண்டும் எழுந்தது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 சித்திரை 9 இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக் கலவரம்.

ஓர் எழுத்து! தகட்டிலுள்ள ஓர் எழுத்திலிருந்து ஒரு நாட்டின் போக்கு எங்கே சென்றது என்பதைப் பள்ளிப் பிள்ளைக்கு விளக்க விரும்பும் ஆசிரியர், ஈ. என். தகடு தாங்கிய காரொன்றையும் "1 ஸ்ரீ" தகடு தாங்கிய காரொன்றையும் அருகருகே நிறுத்திக் காட்டினாற் போதும். அந்த எழுத்துப் பிற்காலத்தில் புதிய தகடுகளிலிருந்து நீங்கிவிட்டது. அதனாற் பட்ட காயம் நீங்கிற்றா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

சேகரிப்போரும் நாமும்

2002 சித்திரையில் ஏ-9 பாதை திறந்தபொழுது, தெற்கிலிருந்து பழைய கார்களைத் தேடி வந்தோர் குடாநாட்டைக் கண்டு வியந்தனர். அங்கே அரிதாகிவிட்ட கார்கள் இங்கே வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. அன்றும், 2009 இன் பின்னரும், பல கார்கள் விலைபோயின. வாங்கியவர்களை நான் பழிக்க மாட்டேன். அவர்களுட் பலர் உண்மையான ஆர்வலர். அவர்கள் வாங்கியிராவிட்டால் அவற்றுட் சில இன்று இரும்புத் துண்டுகளாயிருக்கும். கையிலே பணமில்லாதபொழுது, மகளின் கலியாணத்துக்கோ மகனின் படிப்புக்கோ காரை விற்ற தந்தையையும் பழிக்க மாட்டேன். தன் பொருளை விற்பது அவனது உரிமை.

என் வழக்கு வேறு. சேகரிப்போர் பெரும்பாலும் தேடுவது தொழிற்சாலை வாசலில் நின்ற காரை. அதனால் வாங்கியதும் முதல் வேலையாகப் போர்க்காலத் தடயங்களை நீக்கிவிடுகின்றனர். புது வர்ணமும் புதுப் பாகமும் ஏறிய ஏ-40 அழகாயிருக்கும், ஐயமில்லை. ஆனால் அத்தகைய ஏ-40 இங்கிலாந்திலும் உண்டு, அவுஸ்திரேலியாவிலும் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடி ஓர் இனத்தின் இடப்பெயர்வைச் சுமந்த ஏ-40 யாழ்ப்பாணத்தில் மட்டுமே உண்டு. அதனைப் "புதுப்பிப்பது", சாட்சியின் வாக்குமூலத்தை அழித்துவிட்டுச் சாட்சிக்குப் புதுச் சட்டை போடுவதை ஒக்கும்.

இது என் தனி அபிப்பிராயம் மட்டுமன்று. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012 இல் தூரின் பட்டயம் என்னும் சாசனமொன்றை ஏற்றுக்கொண்டது. ஒரு வாகனத்தின் பயன்பாட்டுக் காலம் அதில் விட்டுச் சென்ற தடயங்களும் அதன் வரலாற்றின் பகுதி என்பதும், அவற்றைக் கண்மூடித்தனமாகத் துடைக்கலாகாது என்பதும் அதன் உட்கருத்து. அதே சம்மேளனம் வரலாற்று வாகனத்துக்கு வகுத்த இலக்கணத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: முப்பது ஆண்டுக்கு மேற்பட்டதாயிருக்க வேண்டும், நாளாந்தப் போக்குவரத்துக்குப் பயன்படாததாயிருக்க வேண்டும். என்ன விந்தை! நமது கார்கள் நாற்பது வயதிலும் நாள்தோறும் ஓடினமையால் அந்த இலக்கணத்துக்குள் அடங்காமற் போயின. ஓய்வாய் இருக்கக் கொடுத்துவைத்தவர்கள் எழுதிய இலக்கணத்தில் உழைத்தவர்களுக்கு இடம் கிடைப்பது கடினமே.

முதலுரிமை யாருக்கு?

நமது தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடிக்கச் செய்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று அது பொருளை வகுத்தது. தந்தை உழைத்து வாங்கிய கார் அவர் காலத்தில் தேடியதேட்டம். பிள்ளையின் கையில் அது முதுசொம். தேசவழமை நமக்குத் தந்த இன்னோர் ஏற்பாடு முதலுரிமை. பங்குக் காணியை விற்க நினைப்பவர் தம் பங்காளிக்கும் உரித்தாளராகக் கூடியவருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும்; அவர்கள் வேண்டாமென்ற பின்னரே அந்நியருக்கு விற்கலாம்.

இந்த உரிமை நிலத்துக்கே உரியது. காருக்குச் சட்டத்தில் இல்லை என்பதை நான் அறிவேன். நீதிமன்றத்தில் இவ்வாதத்தை எடுத்தால் நீதிபதி புன்னகை செய்து தள்ளிவிடுவார். ஆனால் சட்டத்தில் இல்லாததை வழக்கத்தில் வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தேசவழமையே முதலில் வழக்கமாயிருந்து பின்னர் சட்டமானது அன்றோ? விற்கும் முன் ஊருக்கு ஒரு சொல் சொல்லுங்கள். ஒரு மாதத் தவணை கொடுங்கள். ஊர் வாங்காவிட்டால் விற்றுவிடுங்கள். இதற்கு மேல் எந்தக் கமக்காரரிடமும் தியாகம் கேட்க எனக்கு உரிமையில்லை.

"உரத்துக்கும் விதைக்கும் வழியில்லாதபொழுது பழைய காரைப் பற்றியா பேச்சு?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. காணி விடுவிப்புக்கும், காணாமல் ஆக்கப்பட்டோர்க்கான நீதிக்கும் முன்னே கார்களை நிறுத்துமாறு நான் கூறவில்லை. ஆயினும் நமது கோரிக்கைகள் ஒவ்வொன்றும் சான்றையே நம்பி நிற்கின்றன. பொருளாதாரத் தடை என்ற ஒன்று இருந்ததா என்று நாளை ஒருவர் கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது தொண்ணூற்றேழாயிரம் நூல்களை இழந்தோம். எரித்தவர்களைக் குற்றஞ்சாட்டினோம், அது சரி. கொட்டிலில் மிஞ்சியிருக்கும் சான்றுகளை நாமே கழற்றி எறிந்தால் யாரைக் குற்றஞ்சாட்டுவது?

செய்யத்தக்கவை

பெருந்திட்டம் எதுவும் வேண்டாம். முதலாவது, ஒரு பதிவேடு. ஒல்லாந்தர் காலத்திலே காணிக்குத் தோம்பு எழுதினார்கள். நாம் கார்களுக்கு ஒரு தோம்பு எழுதுவோம். இலக்கம், இயந்திர இலக்கம், கைமாறிய உடைமையாளர், போர்க்காலத்தில் எங்கெங்கு ஓடியது, என்னென்ன மாற்றம் செய்யப்பட்டது, செய்தவர் யார் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, நான்கு புகைப்படங்களோடு சேர்த்தாற் போதும். கார் நாளை விற்கப்பட்டாலும் ஏடு இங்கே நிற்கும். சனசமூக நிலையங்கள் இதனைச் செய்யலாம்.

இரண்டாவது, தொழிலாளரின் அறிவு. மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய கைகள் முதுமையடைந்துவிட்டன. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கராச்சுத் தொழிலாளர் ஒருவரிடம் போய் அமர்ந்து, அவர் செய்ததை வரைபடத்தோடு எழுதி வந்தால் அது நூல் எழுதாதவர்களின் நூலாகும்.

மூன்றாவது, ஒரு கொட்டகை. 1952 இல் இங்கிலாந்தின் பியூலியில் மொண்டேகுப் பிரபு தம் வீட்டு முன்மண்டபத்தில் ஐந்து கார்களை வைத்துத் தொடங்கியதே இன்று அந்நாட்டின் தேசிய மோட்டார் அரும்பொருட்சாலையாக வளர்ந்திருக்கின்றது. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவின் வழிவந்தோரும் கார்களுக்கென ஓர் அரும்பொருட்சாலை நடத்துகின்றனர். நம்மால் ஐந்து கார்களை ஒரு கூரையின்கீழ் நிறுத்த முடியாதா? உள்ளூராட்சி மன்றம் நிலம் தரட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் கூரை போடட்டும். புலம்பெயர்ந்த நம் உறவினர், தாம் விட்டுச் சென்ற காரின் பெயரால் ஒரு தொகை அனுப்பட்டும். ஒரு நிபந்தனை மட்டும் விதிப்போம்: அங்கே நிற்கும் காரின் ஒட்டுவேலையை எவரும் நீக்கலாகாது.

என்னிடம் வந்த கமக்காரர் பதிவுப் புத்தகத்தை இன்னும் என் மேசையிலேயே விட்டு வைத்திருக்கின்றார். உரித்து மாற்றும் பத்திரங்களைத் தயாரித்துவிட்டேன். அது என் தொழிற் கடமை. வாங்குபவரிடம் ஒரு மாதத் தவணை கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போயிருக்கின்றார். அந்த ஒரு மாதத்துக்குள் அவருடைய ஊர் என்ன செய்யப்போகின்றது என்பதே கேள்வி. உங்கள் ஊர்க் கொட்டிலில் நிற்கும் காரைப் பற்றியும் அதே கேள்வியை இன்று மாலையே சென்று கேளுங்கள்.